நாடா கோத்த கவுன்கள்

பேருந்து விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டும்போது இருதயமேரிக்குக் கண் சொருகியது. மடியில் ஒரு கட்டைப்பை, காலடியில் இரண்டு, தலைக்கு மேலே சாமான் வைக்கும் கம்பியில் மூன்று. ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு கவுன்.

"டிக்கெட் எடுக்காத ஆறு வெள்ளைக்காரிங்கள கூட்டிக்கினு போறோம் அண்ணி," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இசைவாணி. "கண்டக்டருக்குத் தெரிஞ்சா லக்கேஜ் போட்டுடுவாரு."

இருதயமேரி சிரிக்கப் பார்த்தாள். வாய் கோணியதே தவிர சிரிப்பு வரவில்லை. கரண்ட் இருக்கும்போது மோட்டாரிலும், போனபின் காலால் மிதித்தும் தைத்துத் தைத்து, கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிக் கிடந்தன. ஆனால் அவளை அழுத்தியது அந்த வலி மட்டும் இல்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, அவள் மட்டும் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு ஒதுங்கிப்போய் ராயப்பனுக்குப் போன் செய்தாள். "உம் பொண்டாட்டிய வந்து கூட்டிக்கினு போ தம்பி. எத்தினி நாளு இப்படியே இருக்கறது?" என்று சொல்லிவிட்டு, அவன் பதில் சொல்லி முடிக்கும் முன்பே வைத்துவிட்டாள். அன்றிலிருந்து போன் அடிக்கும்போதெல்லாம் யாரென்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள்.

ராயப்பனின் பெண்டாட்டிதான் இதோ பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளைக்காரிகளுக்கு டிக்கெட் எடுக்கலாமா என்று யோசிக்கிற இசைவாணி. இருதயமேரியின் நாத்தனார்.

இசைவாணியின் கல்யாணத்தின்போது அவள் அண்ணன், இருதயமேரியின் புருஷன் அறிவுச்செல்வன், தங்கைக்குச் சீராக ஒரு தையல் மெஷின் வாங்கிக் கொடுத்திருந்தான். பனமலைக்குப் பக்கத்தில் புகுந்த வீடு. போன வருஷம் ராயப்பனின் தங்கை சகாயராணிக்குக் கல்யாணம் வந்தது. சீர் சாமான் ஏற்றிய வேனில் இசைவாணியின் மெஷினையும் ஏற்றிவிட்டார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமியார் ஏற்றச் சொன்னாள், ராயப்பன் ஒரு பக்கம் பிடித்து ஏற்றினான். சண்டையில்லை, சத்தமில்லை. மறுநாள் காலை இசைவாணி இரண்டு புடவையை எடுத்துக்கொண்டு திண்டிவனம் வந்துவிட்டாள்.

வந்தவளை இருதயமேரி நன்றாகத்தான் வைத்துக்கொண்டாள். ஆனால் ஒரு கூடம், ஒரு சமையலறை. அந்தக் கூடத்திலேயே மெஷின், வெட்டும் மேஜை, துணி மூட்டை. இதற்கு நடுவில் பத்தாவது படிக்கிற மகள் புத்தகத்தை எங்கே விரிப்பது? புருஷனோடு மனம்விட்டு ஒரு வார்த்தை பேசவேண்டுமென்றாலும் தெருக்குழாயடிக்குத்தான் போகவேண்டும். இருதயமேரிக்கு யார்மீதும் கோபமில்லை. அலுத்துப்போய்விட்டது, அவ்வளவுதான். அலுப்பில் செய்த போன் அது.

அந்த அலுப்பின் நடுவில்தான் இந்தக் கவுன் ஆர்டரும் வந்தது. கொண்டுவந்தவள் இசைவாணி.

எதிர்த்தெரு அம்பிகா விழுப்புரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் படிக்கிறாள். புதுச்சேரியில் கல்லூரிகளுக்கிடையே ஒரு கலைவிழா, அதில் ஆடை அணிவகுப்பு. இவர்கள் அணிக்குக் கிடைத்த தலைப்பு 'நீராவி யந்திரக் காலம்'. விக்டோரியா ராணி காலத்துக் கவுன், அதன்மேல் பல்சக்கரம், கடிகார முள், தலையில் தொப்பி, நெற்றிமேல் ஏற்றிவிட்ட பெரிய கண்ணாடி. 'ஸ்டீம்பங்க்' என்று அம்பிகா போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினாள். சென்னையில் வாடகைக்கு எடுக்க அந்தப் பெண்களுக்கு வசதியில்லை. "எங்களுக்கு ஏத்த மாதிரி சீப்பா முடியுமா அக்கா?" என்று கேட்டதற்கு, அண்ணியைக் கேட்காமலேயே இசைவாணி தலையாட்டிவிட்டாள்.

சீப்பாகத்தான் முடித்தார்கள். கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவரிடம் கறைபட்டதென்று ஒதுக்கிய சாட்டின் துணி மூட்டையாகக் கிடைத்தது. அரக்கு, கரும்பச்சை, காப்பிக்கொட்டை நிறம். கறையெல்லாம் மடிப்புக்குள் போகிற மாதிரி கொசுவிக்கொண்டார்கள். பாவாடை பின்பக்கம் தூக்கி நிற்க, வெட்டி மிச்சமான துண்டுத்துணிகளை அடைத்து ஒரு சின்னத் தலையணை. ஃபிரிட்ஜ் பெட்டியைக் கட்டி வருகிற பிளாஸ்டிக் பட்டையை அளவாக நறுக்கி, குத்தாமலிருக்க முனையை மெழுகுவத்தியில் காட்டி உருக்கி, கவுனுக்கு மேலே போடும் 'கார்செட்' என்கிற இடுப்புக்கட்டுக்குள் செருகினார்கள். தேய்ந்த ரப்பர் செருப்பைப் பல்சக்கரமாக வெட்டிச் செம்பு நிறம் பூசினாள் இசைவாணி. கண்ணாடிகள் அறிவுச்செல்வன் வேலை செய்கிற வெல்டிங் பட்டறையிலிருந்து வந்தவை. "ஆறும் திரும்பி வரணும், இல்லன்னா நான் கண்ண மூடிக்கினுதான் பத்த வெக்கணும்," என்று சொல்லித்தான் கொடுத்தான்.

மாதா கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கும் கல்யாணப் பெண்களுக்கும் காலம் காலமாகக் கவுன் தைத்த கை இருதயமேரியுடையது. அதனால் கவுன் அவளுக்குப் புதிதில்லை. இந்த இடுப்புக்கட்டுதான் புதிது.

*

கல்லூரியில் ஒரு வகுப்பறையை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். ஜன்னலுக்கெல்லாம் நாளிதழ் ஒட்டி மறைத்திருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் புதுச்சேரிக்கு வேன் கிளம்பிவிடும் என்று விழாவுக்குப் பொறுப்பான செந்தாமரை மேடம் வாசலிலேயே சொல்லிவிட்டார். அவருக்கும் முகம் வாடியிருந்தது. ஒரு வாரமாகப் பிரின்சிபாலிடம் அனுமதி வாங்கிய களைப்பு.

முதலில் அம்பிகா போட்டுக்கொண்டாள். பாவாடை அம்சமாக விழுந்தது. தோள்பட்டையில் புஸ்ஸென்று நின்ற கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதன்மேல் இடுப்புக்கட்டைப் போட்டு, பின்னால் கொக்கிகளை மாட்டிவிட்டாள் இசைவாணி.

அம்பிகா கையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அவள் சுற்றினாள், இடுப்புக்கட்டு சுற்றவில்லை. அது நின்ற இடத்திலேயே நிற்க, அவள் மட்டும் உள்ளே திரும்பினாள்.

பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "இது கார்செட்டா அக்கா, லைஃப் ஜாக்கெட்டா?" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அம்பிகா சிரிக்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்தடுத்து எல்லோரும் போட்டுப் பார்த்தார்கள். எல்லாம் அப்படியே. கொஞ்சம் பூசின உடம்புக்காரி தையல்நாயகிக்குக்கூட உள்ளே ஒரு கை நுழைந்தது.

இருதயமேரிக்குக் காது சூடாயிற்று. என்ன நடந்ததென்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அளவு கொடுக்க வந்த அன்று பெண்கள் அவசரமாக ஆளுக்கொரு அளவுச் சுடிதாரைக் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்கள். அந்தச் சுடிதாரை வைத்து வெட்டினாள். சுடிதாரே தொளதொளவென்றுதான் இருக்கும். அதற்கு மேலும் வழக்கம்போல இரண்டு விரல் கூட விட்டாள். திண்டிவனத்தில் எந்தப் பெண்பிள்ளைக்குத் தைத்தாலும் பின்னாலேயே தாய்க்காரி வந்து, "ஒட்டிப் புடிக்கிற மாதிரி வேணாம்மா, விட்டே தையி" என்பாள். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு, கத்தரியே தானாக அகலமாக ஓடப் பழகியிருந்தது.

வெட்டும்போதே இசைவாணி சொன்னாள். "அண்ணி, இது இறுக்கிப் புடிக்கணும், அதான் இதுக்கு அழகே."

"மூச்சு விட வேணாமா அதுங்க? நீ கம்முனு இரு," என்று அவள்தான் அதட்டினாள்.

"யாரு அளவெடுத்தது?" என்றார் செந்தாமரை மேடம். குரலில் கோபத்தைவிடச் சோர்வுதான் இருந்தது.

இருதயமேரி வாயைத் திறப்பதற்குள் இசைவாணி முந்திக்கொண்டாள். "நான்தாங்க மேடம். என் தப்பு. சுடிதார வெச்சி வெட்டிட்டேன். எங்க அண்ணிக்கு ஒண்ணும் தெரியாது."

இருதயமேரி நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். இசைவாணி அவளைப் பார்க்கவேயில்லை. அடுத்த வேலையில் இறங்கிவிட்டாள்.

"பிரிச்சி, புடிச்சித் தைச்சிடலாமா?" என்றாள் இருதயமேரி மெதுவாக.

"ஆறையுமா? உள்ள பட்டை இருக்குதே அண்ணி. எல்லாத்தையும் உருவி, திரும்பக் கோத்து... சாயந்திரம் ஆயிடும். மெஷினும் இல்ல இங்க."

"அப்ப ஊக்கு குத்தி அனுப்பிடலாம்."

"மேடைல நடக்கறப்ப தெறிச்சா?"

இசைவாணி அம்பிகாவின் போனை வாங்கி அந்தப் படங்களைத் திரும்பவும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒரு படத்தில் ஒரு பெண் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். அவள் இடுப்புக்கட்டில் கொக்கி இல்லை. இரண்டு பக்கமும் வரிசையாக ஓட்டை, அதில் நாடா குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து இறுக்கியிருந்தது. இதைத் தைக்கும்போதும் பார்த்தார்கள். ஓட்டைக்கு வளையம் வைத்து அடிக்கவேண்டுமே, அதற்கு எங்கே போவது என்று கொக்கியோடு முடித்துவிட்டார்கள்.

"வளையம்..." என்று முனகியபடி ஜன்னலில் ஒட்டியிருந்த நாளிதழின் ஓரத்தைக் கிழித்து வெளியே பார்த்தாள். கல்லூரி வாசலில், யாரோ ஒரு சிறப்பு விருந்தினரை வருக வருக என்றழைக்கும் பேனர் காற்றில் உப்பியிருந்தது. நான்கு மூலையிலும் பித்தளை வளையம். வளையத்துக்குள் கயிறு.

கிழித்த நாளிதழ் ஓரத்தை இசைவாணி திரும்ப அழுத்தி ஒட்டினாள். பிறகு கவுன்களின் இடுப்புக்கட்டுகளை மட்டும் மளமளவென்று ஒரு பைக்குள் திணித்தாள்.

"எங்கடி?"

"எனக்கு ஒரு பேனர் கடை தெரியும்," என்றாள். "ரிங் அடிக்கிற ஆளையும் தெரியும்."

இருதயமேரிக்குக் கையிலிருந்த ஊசிப்பெட்டி நழுவியது. விழுப்புரத்தில் நேருஜி சாலைப் பக்கம் ஒரு பேனர் கடையில்தான் ராயப்பன் வேலை செய்கிறான்.

"வேற கடையே இல்லியா இந்த ஊர்ல?"

"இருக்கும். எவன் அண்ணி நம்ம ஜாக்கெட்டுக்கு ரிங் அடிப்பான், அதுவும் இவ்ளோ ஜல்தியா?"

*

கடையில் கரண்ட் இல்லை. அச்சடிக்கும் பெரிய மெஷின் பாதிக் கல்யாண ஜோடியோடு நின்றுபோயிருந்தது. முதலாளி கோதண்டபாணி பனியனோடு விசிறிக்கொண்டிருந்தார். சமாசாரத்தைக் கேட்டதும் விசிறி நின்றது.

"போர்டுக்கு ரிங் அடிச்சிருக்கேன், தார்ப்பாய்க்கு அடிச்சிருக்கேன். பொம்பளைங்க இடுப்புக்கு ரிங் அடிக்கச் சொல்லி யாரும் வந்ததில்ல வாணிம்மா."

"இடுப்புக்கு இல்லிங்க, துணிக்கு," என்றாள் இசைவாணி.

"எல்லாம் ஒண்ணுதான். டேய் ராயப்பா!"

உள்ளறையிலிருந்து ராயப்பன் வந்தான். கையெல்லாம் மசி. இசைவாணியைப் பார்த்ததும் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான். முன்பைவிட இளைத்திருந்தான். கன்னத்து எலும்பு தெரிந்தது.

"வாங்கக்கா," என்றான் இருதயமேரியிடம்.

இருதயமேரி சிலுவை போட்டுக்கொள்ளாத குறை. இவன் ஏதாவது உளறிவிட்டால்?

இசைவாணிதான் பேசினாள். யாரோ கடைக்காரரிடம் பேசுவதுபோல. "இதுல ரெண்டு பக்கமும் ஓரத்துலேர்ந்து நாலு விரல் உள்ள தள்ளி ஓட்டை போட்டு ரிங் அடிக்கணும். நாடா கோக்கற மாதிரி. மத்தியானத்துக்குள்ள வேணும்."

அவன் ஒரு இடுப்புக்கட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தையலைத் தடவினான். "நீ தைச்சதா?"

"அண்ணியும் நானும்."

கைமெஷினில் துணியை வைத்து நெம்புகோலை அழுத்தினான். வளையம் ஏறியது. நாடாவைக் கோத்து இழுத்துப் பார்த்ததும் சாட்டின் சர்ரென்று கிழிந்து வளையம் கையோடு வந்துவிட்டது.

"துணி தாங்கல."

"உள்ள கனமா ஏதாச்சும் வெச்சி அடிங்க," என்றாள் இசைவாணி. கண் கடையைச் சுற்றியது. மூலையில் வீணாய்ப்போன பேனர்கள் சுருட்டிக் கிடந்தன. "அத நறுக்கி உள்பக்கமா குடுத்தா?"

அவன் ஒரு பேனரை எடுத்து மடித்து இழுத்துப் பார்த்தான். அவன் முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. "குடுக்கலாம்," என்றான்.

அதன்பிறகு வேலைதான் பேசியது. இவள் பேனரை விரல் அகலத்துக்குப் பட்டையாக நறுக்கித் துணிக்குள் வைத்துப் பிடித்துக்கொடுப்பாள், அவன் அழுத்துவான். டக். அவள் நகர்த்துவாள். டக். அவன் கை ஓங்கும்போது அவள் விரல் சரியாக விலகும்.

"வாணிம்மா, உள்பக்கம் பாரு," என்றார் கோதண்டபாணி. "இந்தப் பொண்ணு முதுகுல ஒரு மாப்ள மீச ஒட்டிக்கினு இருக்குது. இதுல பாதி எம்.எல்.ஏ பல்லு."

இசைவாணி கலகலவென்று சிரித்தாள். ராயப்பன் அழுத்துவதை நிறுத்திவிட்டு அந்தச் சிரிப்பைப் பார்த்தான்.

இருதயமேரி ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இது நல்லதற்குத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். போன் பண்ணியது ஒன்றும் பாவமில்லை. பார், எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறதுகள்.

இசைவாணி நாடா வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போனாள். அவள் படியிறங்கியதும் ராயப்பன் கல்லாப்பெட்டி ஓரமாக இருதயமேரியின் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நீங்க போன் பண்ணதுலேர்ந்து தூக்கமே இல்லக்கா. கீழ்ப்பெரும்பாக்கத்துல தனியா ஒரு வீடு பாத்துட்டேன். அம்மா கத்திக்கினு கெடக்குது, கத்தட்டும்."

"மெதுவாப் பேசு," என்றாள் இருதயமேரி, வாசலைப் பார்த்துக்கொண்டே. "மெஷினு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தங்கச்சிகிட்ட எப்பிடிக்கா திரும்பக் கேக்கறது? புதுசா ஒண்ணு வாங்கித் தர்றேன். நீங்க சொன்னீங்கன்னா அவ கேப்பா."

"நான் எதுக்கு? அவ வர்றா பாரு, நீயே சொல்லு."

இசைவாணி நாடாச் சுருளோடு படியேறினாள். ராயப்பன் தொண்டையைச் செருமினான். வாயைத் திறந்தான். பிறகு கைமெஷின் பக்கம் போய்விட்டான். டக், டக் என்று மிச்ச வளையங்கள் ஏறத் தொடங்கின.

இருதயமேரிக்கு அவன்மேல் கோபம் வந்தது. கோபம் வருவதற்குக்கூடத் தெம்பில்லாமல் அப்படியே அடங்கியது.

கிளம்பும்போதுதான், பையை நீட்டியபடி, அவன் கேட்டான்.

"ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வரட்டா?"

இசைவாணி பையை வாங்கிக்கொண்டாள். தெருவைப் பார்த்தாள்.

"வாங்க," என்றாள்.

*

நாடா வேலை செய்தது. ஆளுக்கு ஆள் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இழுத்துக் கட்டிக்கொள்ள முடிந்தது. தொளதொளவென்று இருந்த மிச்சமெல்லாம் நாடாவுக்கு அடியில் மடிந்துகொண்டது. படத்தில் பார்த்த அதே இடுப்பு.

தையல்நாயகிக்கு இருதயமேரி தன் கையாலேயே நாடா கோத்தாள். "போதும்னா சொல்லு பாப்பா."

"இன்னும் இழுங்கக்கா."

"சோறு சாப்ட வயித்துல எடம் வேணாமா?"

"நாளைக்குச் சாப்பிட்டுக்கறேன். இழுங்க!"

செம்புச் சக்கரங்கள் மார்பில் மின்ன, தொப்பியும் வெல்டிங் கண்ணாடியுமாக ஆறு பேரும் வரிசையாக நின்றபோது செந்தாமரை மேடம் களைப்பையெல்லாம் மறந்து கைதட்டினார். பட்டறைக் கண்ணாடியைத் தொலைக்கக்கூடாது என்று இசைவாணி ஒவ்வொருத்தியிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அம்பிகா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொள்ளத்தான் முடிந்தது, பட்டை இறுகியிருந்ததால் குனிய முடியவில்லை.

வேன் கிளம்பிப் போனபின் அந்த வகுப்பறையில் நூல் பிசிறும் வெட்டிய நாடாத் துண்டுகளும் மட்டும் கிடந்தன. இரண்டு பேரும் குனிந்து பெருக்கினார்கள்.

"என் தப்பைத் தூக்கி ஏன் உம் மேல போட்டுக்கின?" என்று கேட்டாள் இருதயமேரி, துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டு.

"திண்டிவனத்துல தையக்காரம்மான்னு உங்களுக்கு ஒரு பேரு இருக்குது. எனக்கு இன்னா பேரு இருக்குது, கெட்டுப்போறதுக்கு?"

இருதயமேரி குப்பையை ஒரு நாளிதழில் அள்ளிக் கட்டினாள்.

*

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. யாரோ வறுத்த மல்லாட்டைக் கடலை தின்று தோலைக் காலடியில் போட்டிருந்தார்கள். பஸ் குலுங்கும்போதெல்லாம் அது நொறுங்கியது.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். இருதயமேரி மனதுக்குள் கூடத்தை ஒழித்துக்கொண்டிருந்தாள். வாணியின் பாயிருக்கும் மூலையில் மகளுக்கு ஒரு மேஜை போடலாம். துணி மூட்டையை அங்கே நகர்த்தினால் நடக்க இடம் கிடைக்கும். புருஷனும் தானும்... இப்படி ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தும், எதிர்பார்த்த நிம்மதி மட்டும் வந்து சேரவில்லை. அடுத்த ஆர்டர் வந்தால் அந்தப் பக்கத்துத் துணியை யார் பிடிப்பார்கள் என்றுதான் மனம் போயிற்று.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"ஞாயித்துக்கிழம அவரு வருவாரு. அண்ணன் ஒண்ணும் பேசாது. வா மாப்ளன்னு சேரைத் தொடச்சிப் போடும், கோழி அடிக்கச் சொல்லும். நீங்கதான் பேசணும்."

"பேசாம இன்னா? நல்லபடியா கூட்டிக்கினு போப்பான்னு..."

"அனுப்ப முடியாதுன்னு சொல்லணும்."

இருதயமேரி அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப எதுக்குடி வாங்கன்னு சொன்ன?"

"வராதீங்கன்னு சொல்ல வாய் வரல." இசைவாணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அவரு ரிங் அடிச்சிக்கினு இருக்கறப்ப கையையே பாத்துக்கினு இருந்தேன் அண்ணி. இன்னும் கொஞ்சம் நேரம் அங்க நின்னிருந்தா, நானே பின்னாடி போயிருப்பேன். போனா என்னாகும்? நாளைக்கு அவங்கம்மா வேற எதையாச்சும் வண்டில ஏத்தும். இவரு ஒரு பக்கம் புடிப்பாரு."

"அத அவன்கிட்டயே சொல்லேன்."

"நான் வரலன்னு என் வாயால சொன்னா, புருஷன வேணாம்னவ, திமிரு புடிச்சவன்னு ஊரெல்லாம் பேசுவாங்க. எங்க வூட்டுல அனுப்பலன்னா அது வேற. பொறந்த வூட்டுல நான் வேணும்னு வெச்சிக்கினு இருக்காங்கன்னு அர்த்தம். அப்பதான் அவரும் நின்னு யோசிப்பாரு." சற்று நிறுத்தினாள். "எனக்கு எடம் பத்தலன்னு தெரியும் அண்ணி. வெளில ஒரு ரூம் பாத்துக்கறேன். ஆனா நீங்க சொல்லணும். அவருக்கு உங்க மேல ரொம்ப மரியாதை. இன்னிக்கிகூட நாடா வாங்கிக்கினு வர்றப்ப பாத்தேனே, கல்லாவாண்ட நின்னு எவ்ளோ பணிவாப் பேசிக்கினு இருந்தாரு. இன்னா சொன்னாரு?"

பஸ் மேடு ஏறி இறங்கியது.

"ஒண்ணுமில்ல," என்றாள் இருதயமேரி. "நீ எளச்சிட்டியாம். அத கேட்டான்."

இசைவாணி சிரித்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சீட்டில் சாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. இருதயமேரிக்குத்தான் கண் மூடவில்லை. தனி வீடு பார்த்திருக்கிறான் என்று சொன்னால், தான் செய்த போனும் வெளியே வந்துவிடும். எவனை வரச்சொல்லிக் கூப்பிட்டாளோ, அவனிடமே அவள் 'அனுப்பமாட்டேன்' என்று சொல்லவேண்டும். சொன்னால் அவன் கேட்கமாட்டானா, "நீங்கதானேக்கா கூப்ட்டீங்க" என்று? கூடத்தில், அறிவுச்செல்வன் முன்னால், வாணி முன்னால்?

சொல்லாமலிருந்தால் வாணி போய்விடுவாள். தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு போனதைப்போல, இதையும் பேசாமல் சுமந்துகொண்டு போய்விடுவாள்.

திண்டிவனம் மேம்பாலம் தெரியும் இடத்தில் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. இருதயமேரி அவசரமாக எடுத்துப் பார்த்தாள். ராயப்பன்.

"எடுங்க அண்ணி, அண்ணனாத்தான் இருக்கும்," என்றாள் இசைவாணி கண்ணைத் திறக்காமலே.

எடுத்தாள். "சொல்லுங்க," என்றாள், புருஷனிடம் பேசுகிற குரலில்.

"அக்கா, நான்தான் ராயப்பன். ஞாயித்துக்கிழம வரைக்கும் எனக்குத் தாங்காதுக்கா. கடைல சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். உங்க பின்னாடியேதான் வந்துக்கினு இருக்கேன். இன்னிக்கே பேசி முடிச்சிடலாம். நீங்க இருக்கீங்கன்னுதான் தைரியமா வர்றேன்."

அவள் போனை வைத்தாள். டிரைவர் பிரேக் போட, எல்லோரும் ஒருமுறை முன்னே சாய்ந்து பின்னே வந்தார்கள்.

"இன்னாவாம் அண்ணனுக்கு?" என்றாள் இசைவாணி.

கைப்பையின் வாரை இருதயமேரி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டால் வீடு போய்ச் சேரும்வரையாவது நிம்மதி. ஆனால் அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸைவிட்டு இறங்க அவளுக்குத் தெம்பில்லை.

"அண்ணன் இல்ல வாணி," என்றாள். "உம் புருஷன்."

இசைவாணி கண்ணைத் திறந்தாள். மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். இருதயமேரியின் முகத்தையும் அவள் கையிலிருந்த போனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவரு எதுக்கு அண்ணி உங்களுக்குப் போன் பண்றாரு?"